கடைச் சோறு சாப்பிடாத பரிசோதகர்

தவராசா காலமாகிவிட்டார் என்ற செய்தி வந்தபோது, பரந்தன் சந்தியிலுள்ள என் சாப்பாட்டுக் கடைக் குசினியில் கோழி வெட்டிய பலகைக்குக் கொதிநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்தவர், பாதியில் விட்டிருந்தால் கோபித்திருப்பார்.

கடைக்காரர்களாகிய நம்மில் அவரைத் திட்டாதவர் யார்? மனிதர் சிரிக்கமாட்டார். வந்தால் நேரே குசினிக்குத்தான் போவார். கோழி வெட்டிய கத்தி வெங்காயத்தில் பட்டால் அத்தனை வெங்காயத்தையும் கொட்டவைப்பார். "கண்ணுக்குத் துப்பரவா இருந்தாப் போதாது, வயித்துக்கும் துப்பரவா இருக்கோணும்" என்பார்.

ஒருமுறை அவர் என் கடையைப் பூட்டவைத்ததற்குக் காரணம், தட்டில் விரிக்கும் பொலித்தீன் தாள். தாள் விரித்தால் தட்டைக் கழுவத் தேவையில்லை என்பது நம் எல்லோருடைய எண்ணம். ஒட்டிக்கிடந்த தாளைப் பிரிக்க என் மைத்துனர் விரலில் எச்சில் தொட்டதை அவர் கண்டுவிட்டார்.

"சோறு போட முதலே எச்சில் போட்டாச்சு. எல்லாத்தையும் திருத்துமட்டும் பூட்டுங்கோ."

தட்டுகள் எல்லாவற்றையும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, கொதிநீரில் அலசி, வெயிலில் காயவைத்து, மறுபடி திறந்தோம். ஆட்கள் வரவில்லை. பூட்டின கடை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. எங்கள் குடும்பத்துக்கு வேறு வருமானமும் இல்லை. கடைசியில் அவரிடமே போனேன்.

"ஐயா, ஒருக்கா வந்து முன்மேசையில இருந்து சாப்பிடுங்கோ. கண்டால் சனம் வரும்."

"நாளைக்கு நீங்கள் பிழை விட்டா, உங்கட சோறு திண்ட வாயால நான் என்னெண்டு கதைக்கிறது?"

அவ்வளவுதான் பதில். அந்தக் கோபம் எனக்கு வெகுகாலம் ஆறவில்லை. கடை மெல்ல மெல்ல எழும்பியபோதும் ஆறவில்லை.

செய்தி கேட்டு, கிளிநொச்சியில் அவர் வீட்டுக்குப் போனேன். தலைமாட்டில் இருந்தவரைக் கண்டு திகைத்துப்போனேன். பரந்தனில் படிப்பிக்கும் ரீச்சர். கடை வெறிச்சோடிக் கிடந்த நாட்களிலேயே தூக்குச்சட்டியோடு வந்து, வெள்ளிதோறும் மரக்கறிச் சோறு வாங்கியவர். மற்ற ரீச்சர்மாரையும் கூட்டிவந்தவர். தான் இன்னாருடைய மனைவி என்று ஒருநாளும் சொன்னதில்லை.

"அவர்தான் தம்பி வாங்கிவரச் சொல்லுறவர். ஆருக்கெண்டு மட்டும் சொல்லாதை எண்டுவார். போன வெள்ளியும் உங்கட சோறுதான் கேட்டவர்," என்றார்.

சந்தியில் யாருக்கும் காட்டாமல் அவர் என் குசினியை நம்பினார். அந்த நம்பிக்கைதான் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது, அதை வைத்திருப்பேன். ஆனாலும் மனம் ஆறவில்லை. ஒருநாளாவது அவரை இருத்தி, என் கையால் சோறு போட்டிருக்கலாம்.