செகண்டரீஸ் என்றொரு சொல்

என் அக்கா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங். மூத்தவள் படித்தவள், இளையவள் கெட்டிக்காரி என்று அப்பா சொல்லிக்கொண்டிருப்பார். அதில் பாதி பொய் என்பது எனக்கு நாற்பத்தாறு வயதில்தான் தெரிந்தது. கெட்டிக்காரியாக இருந்தால் இப்படியா ஏமாந்திருப்பேன்!

மார்பில் கேன்சர் வந்து, ஆபரேஷன், மருந்து, கரண்ட் வைப்பது என்கிற கதிர்வீச்சு எல்லாம் முடிந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா அப்பா போனபின் எனக்கென்று இருந்தவள் அக்கா மட்டும்தான். போன வருடம் வலது தொடையில் வலி ஆரம்பித்தது. நாளெல்லாம் நின்றே பார்க்கிற வேலை, அதனால் இருக்கும் என்று தைலம் தேய்த்தேன். படுத்தாலும் வலி விடவில்லை. அக்காதான் என்னை வேலூருக்குக் கூட்டிப்போனாள்.

எலும்பு டாக்டர் வேறு மாநிலத்துக்காரர். தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு அக்காவிடம் இங்கிலீஷில் பேசிக்கொண்டே போனார். என் காதில் ஒரே ஒரு சொல்தான் தங்கியது: செகண்டரீஸ்.

"இன்னாக்கா சொல்றாரு?"

"அதான் செகண்டரின்றாரே. மெயின் பிரச்சனை இல்லடீ. எலும்புல சத்து கம்மி. மாத்திரை குடுத்திருக்காரு."

எனக்கு அது சரியாகவே பட்டது. எங்கள் கம்பெனியில் முதல் தரம் வெளிநாட்டுக்குப் போகும். சின்னக் கீறல் இருந்தால் அது செகண்ட்ஸ். இங்கேயே மலிவாகத் தள்ளிவிடுவார்கள். செகண்ட்ஸால் யாரும் செத்ததில்லை. "செகண்டரிதானே" என்று சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரியில் அந்தச் சொல்லுக்கு, கேன்சர் இன்னோர் இடத்துக்குப் பரவிவிட்டது என்று அர்த்தமாம். அக்காவுக்கு அது தெரியாமலா? அவள் தினமும் கேட்கிற சொல்.

மூன்று மாதம் கழித்து சர்ச்சில் அக்கா மகளுக்குக் கல்யாணம். நொண்டிக்கொண்டே ஓடியாடி வேலை செய்தேன். "ஜாஸ்தி நிக்காதடீ" என்றாள் அக்கா. அதையும் பாசம் என்று நம்பினேன். அடுத்த வாரம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினேன். விழவில்லை, இடறவில்லை. வலது காலை ஊன்றித் திரும்பினேன், அவ்வளவுதான். மடக்கென்று ஒரு சத்தம், தொடை எலும்பு முறிந்துவிட்டது. கூட வேலை செய்கிற பெண்தான் ஆம்புலன்ஸில் ஏற்றி வேலூருக்குக் கொண்டுவந்து சேர்த்தாள்.

சேதி கேட்டு ஓடிவந்த அக்கா காப்பி வாங்கப் போயிருந்தபோது என் ஃபைல் கட்டில்மேல் கிடந்தது. எனக்கு இங்கிலீஷ் பேச வராது, ஆனால் வாசிப்பேன். கம்பெனி ரிப்போர்ட் எல்லாம் அதில்தானே. மூன்று மாதம் முந்திய பக்கத்தில், எலும்பு உடையுமுன்பே உள்ளே கம்பி வைக்கச் சொன்னதாக எழுதியிருந்தது. அதன் கீழே: ரிலேட்டிவ்ஸ் நாட் வில்லிங், சொந்தக்காரர்களுக்குச் சம்மதமில்லை. அதற்கும் கீழே அக்காவின் கையெழுத்து.

உடையுமுன்பே கம்பி. இதை எனக்கு யார் விளக்க வேண்டும்? ஷூவின் நடுப்பகுதி வளைந்து முறியாமல் இருக்க ஷேங்க் என்று ஓர் இரும்புத் தகடு உள்ளே வைப்போம். அதை வைத்த பிறகுதான் அடிப்பாகத்தையே ஒட்டுவோம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே "வைங்க சார்" என்றிருப்பேன்.

அக்கா வந்ததும் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவள் முகம் செத்துப்போனது.

"அப்ப கல்யாணம் நெருங்கிடுச்சி. அம்மாவுக்கும் இதான், உனக்கும் திரும்பி வந்துடுச்சின்னு தெரிஞ்சா சம்மந்தி வீட்ல இன்னா நெனப்பாங்க? பரம்பரைன்னு பொண்ண வேணாம்னுடுவாங்கன்னு பயந்துட்டேன். மூணு மாசம் தாங்கும்னு நெனச்சேன்டீ. கல்யாணத்துல நீ என் பக்கத்துல நிக்கணும்னு ஆசை."

"நின்னேனேக்கா. இனிமே எங்க நிக்கிறது?"

அவள் அழுதாள். எனக்கு இரக்கம் வரவில்லை. வெளியாள் ஏமாற்றியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். இவள் என் தலையைக் கோதிவிட்டுக்கொண்டே நம்ப வைத்துக் கழுத்தறுத்திருக்கிறாள்.

மறுநாள் டாக்டர் வந்ததும் அக்கா பக்கம் திரும்பினார்.

"என்கிட்ட சொல்லுங்க சார். தமிழ்லயே சொல்லுங்க, மெதுவா சொல்லுங்க."

சொன்னார். இரண்டு வழி. நீளக் கம்பி வைப்பது சின்ன ஆபரேஷன். ஆனால் கேன்சர் அரித்த எலும்பு கூடாமலே போகலாம், கம்பியும் ஒருநாள் முறியலாம். இன்னொன்று, எலும்பின் மேல்பாகத்தையே வெட்டி எடுத்துவிட்டு உலோக மூட்டு வைப்பது. பெரிய ஆபரேஷன், ரத்தம் நிறையப் போகும். ஆனால் சில நாளிலேயே ஊன்றி நடக்கலாம்.

"எது பண்ணலாம்னு எத வச்சி முடிவு பண்ணுவீங்க?"

"எவ்ளோ காலம் இருப்பீங்க, அத வச்சி."

"சார்..." என்று அக்கா குறுக்கே வந்தாள். டாக்டர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"வருஷக் கணக்குல இருக்கலாம். உறுதி சொல்ல முடியாது."

என் ஆயுளைப் பற்றி என்னிடமே ஒருவர் பேசியது அன்றுதான். பெரிய ஆபரேஷனே பண்ணுங்கள் என்றேன்.

அன்று சாயங்காலம் நர்ஸ் ஒப்புதல் ஃபாரம் கொண்டுவந்தார். என் இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

"சொந்தக்காரங்க ஒருத்தர் போடணும்மா" என்று பேனாவை அக்கா பக்கம் நீட்டினார். அக்கா வாங்கக் கை நீட்டினாள்.

"அவங்க இல்ல, சிஸ்டர்" என்றேன். "எனக்குச் சொந்தக்காரங்க யாரும் வரல."