அழாத சுவர்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இருந்தாலும் பூம்பாறைக்கு வந்து யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். காட்டெருமை இறங்கத் தயங்கிய சரிவை ஏழு படித் தோட்டமாக ஆக்கியது யார்? மேலே இருக்கும் ஓடையிலிருந்து குழாய் இழுத்து, மோட்டார் இல்லாமல் தண்ணீரைத் தானாகவே தோட்டத்துக்கு இறங்க வைத்தது யார்? லாரி நுழையாத சந்துக்குள் மணலையும் கம்பியையும் தலைச்சுமையாகக் கொண்டுவந்து மாடி வீடு எழுப்பியது யார்? எல்லாம் நான்தான். என் அப்பா எனக்கு விட்டுப்போனது ஒரே ஒரு மண்வெட்டி. அதற்கும் காம்பு இல்லை.

பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன், அதில் என்ன தப்பு? ஆனால் நான் கட்டியவற்றில் ஒன்று, என் மகளையும் பிறந்து இருபது நாளே ஆன பேத்தியையும் விழுங்கப் பார்த்தது. அது நடந்தது சில வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாதம்.

முதலில் அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வீடுகளெல்லாம் சரிவை வெட்டித்தான் நிற்கும். வீட்டுக்குப் பின்னால் மண் சரியாமல் இருக்க, காட்டுக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு சுவர். சுண்ணாம்பு கிடையாது, சிமெண்ட் கிடையாது. மழைக்காலம் முழுக்க அந்தக் கல் இடுக்குகளில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. அந்தச் சுவரே பின் அறைக்கும் பின் சுவர். பக்கத்தில் அடுப்படி. அடுப்புக்கு மேலே பூண்டைக் கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டுப் புகை காட்டுவோம், மிச்சத்தைப் பின் அறையில் அடுக்குவோம். பூண்டுக்கு ஈரம் ஆகாது. ஒரு வருடம் அந்த அறையில் வைத்த விதைப்பூண்டு மொத்தமும் பூஞ்சை பிடித்துப்போனது. எனக்கு வந்ததே கோபம்! பழைய அடுக்கைப் பிரித்து, சிமெண்ட் போட்டு, ஆள் உயரத்துக்கு மேல் கட்டி, வழுவழுவென்று பூசிவிட்டேன்.

கொத்தனார் அப்போதே கேட்டார், "நடுவுல நடுவுல பைப்பு சொருகி விடுவோமாண்ணே? தண்ணி போக வழி வேணும்ல?"

"ஓட்டை போடுறதுக்கா ஒன்னயக் கூப்புட்டேன்? அடைக்கத்தானய்யா கூப்புட்டேன்!" என்று சொன்னேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததுதான். ஒளிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு சொட்டு இல்லை. எதிர் வீட்டில் என் பங்காளி இருக்கிறான். அவன் வீட்டுச் சுவர் இன்னும் பழைய கல் அடுக்குதான், எந்நேரமும் சொட்டும். "அழுமூஞ்சிச் சுவரு" என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டேன். ஊரில் சின்னப் பிள்ளைகள் வரைக்கும் அப்படித்தான் சொல்லும்.

என் மகளுக்குத் திருச்சியில் ஆஸ்பத்திரி வேலை. அங்கேயே வேலை பார்த்த நாகப்பட்டினம் பக்கத்துப் பையனைப் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் பேசி முடித்தோம். பிரசவத்துக்கு எங்களிடம் வந்திருந்தாள். பெண் குழந்தை. மருமகனுக்கு லீவு கிடைக்காததால், பேத்தியைப் பார்க்கச் சம்பந்தி மட்டும் தனியாக மலை ஏறி வந்தார். அவர் ஆற்றுப் பாசனத்தின் கடைசி மடையில் நெல் விவசாயம் செய்கிறவர். சம்பந்தியம்மா மாடுகளைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே தங்கிவிட்டார்.

அவர் வந்த மறுநாள் புயல் செய்தி வந்தது. அவர் ஊர்ப் பக்கம்தான் கரை ஏறுமாம். மனுஷன் போனை எடுத்தார், சம்பந்தியம்மாவிடம் நாலே நாலு வார்த்தை பேசினார், வைத்துவிட்டார்.

"அவ்வளவுதானா சம்பந்தி?" என்றேன்.

"அவ்வளவுதாங்க. மாட்டோட கயித்த அவுத்துவுட்டுட்டு, பள்ளிக்கூடத்துக்குப் போயிடுன்னேன். போயிடுவா. எங்களுக்கு இதெல்லாம் பழக்கங்க."

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இந்த மாதிரி நேரத்தில் மலையின் பெருமையைச் சொல்லாவிட்டால் எப்போது சொல்வது? "பாத்தீங்களா சம்பந்தி, எங்களுக்கு இந்தத் தொல்லையே இல்ல. கடல் எங்க வீட்டுக்கு வரணும்னா ஆறாயிரம் அடி ஏறணும். அடிவாரத்துல, வத்தலக்குண்டுலயே அதுக்கு மூச்சு வாங்கிரும்!"

அவர் சிரித்தார். கோபமே வராத மனுஷன். வெந்நீரை ஊதிக் குடித்துக்கொண்டே சொன்னார், "வாஸ்தவந்தாங்க. ஆனா எங்க ஊர்ல தலைக்கு மேல வானம் மட்டுந்தான் இருக்கு. ஒங்களுக்குத் தலைக்கு மேலயும் நெலம் இருக்கே. அத நெனச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

"அது என் நெலம். நான் சொன்னா கேக்கும்" என்றேன்.

அந்தப் புயல் விடியற்காலையில் அவர் ஊரில் கரை ஏறியது. கடலோடு முடிந்துவிடும் என்று பார்த்தால், நேராக மேற்கே வந்து அதே நாள் எங்கள் மலையில் ஏறிவிட்டது! "சம்பந்தி, ஒங்களத் தேடிக்கிட்டு ஒங்க ஊருப் புயல் வந்துருச்சு" என்று நான்தான் கேலி செய்தேன். காற்று என்றால் காற்று. யூகலிப்டஸ் மரங்கள் பட்டாசு மாதிரி முறிந்தன. கொடைக்கானல் ரோட்டில் மரம் விழுந்து பஸ் நின்றுபோனது. கரண்ட் போனது, போனும் போனது. மழை கொட்டவில்லை, மேலிருந்து யாரோ தள்ளிவிட்டது போல இறங்கியது.

மத்தியானம் கொஞ்சம் காற்று குறைந்ததும் சம்பந்தி கோணிச்சாக்கைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு வெளியே போனார். எங்கே போகிறார் என்று நானும் போனேன். தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் போய்ச் சுவரைப் பார்க்கிறார்! கல் இடுக்கில் வரும் தண்ணீரைக் கையில் பிடித்துப் பார்க்கிறார், கீழே விடுகிறார். கடைசியில் எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் வந்து நின்றார். அறையைத் தாண்டி இரண்டு பக்கமும் வெட்டவெளியில் நீண்டு கிடந்த என் சிமெண்ட் சுவரில் உள்ளங்கையை வைத்தார்.

"என்னங்க சம்பந்தி, ஊருல எல்லாச் சுவரும் அழுவுது. ஒங்க சுவரு மட்டும் அழுவலையே?"

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். சத்தியமாக அதைப் பாராட்டு என்றுதான் நினைத்தேன். "என் கட்டு அப்படி! எவ்வளவு மழை பெஞ்சாலும் ஒரு சொட்டு வராது."

"அப்ப அந்தத் தண்ணியெல்லாம் எங்கங்க போவுது?"

அவர் மெதுவாகச் சொன்னார். அவர் ஊரில் ஆற்றில் வெள்ளம் போனால் கரையில் காவல் இருப்பார்களாம். கரை கசிந்து தெளிந்த தண்ணீர் வந்தால் பயமில்லை. கலங்கலாக வந்தால் பயம். தண்ணீர் உள்ளே ஏற ஏறக் கசிவே இல்லாமல் கரை உப்பினால், நிற்காமல் ஓட வேண்டுமாம். "ஒங்க சுவரு உப்பியிருக்குங்க. பக்கவாட்டுலேந்து பாருங்க" என்றார்.

நான் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன சொன்னேன் தெரியுமா? "அது பூச்சு" என்றேன். என் வாய்க்கொழுப்பு அப்படி. நெல் விளைவிக்கிற ஆளுக்கு மலையைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தேன்.

வந்ததும் பின் அறையிலிருந்து மகள் குரல். அடுப்புச் சூடு இருக்கும் என்று அவளையும் பிள்ளையையும் அந்த அறையில்தான் படுக்க வைத்திருந்தோம். "அப்பா, கதவு சாத்த மாட்டேங்குது. காலைல நல்லாத்தான சாத்துச்சு?"

கதவை இழுத்தேன். நிலையில் இடித்தது. நிமிர்ந்து பார்த்தேன். நிலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அந்தக் கதவை இழைத்துப் பொருத்தியவன் நான். ஒரு தாள் நுழையாத அளவுக்குச் சரியாகப் பொருந்தும் கதவு. என் கதவு பொய் சொல்லாது. சுவருக்குப் பின்னால் ஏழு படித் தோட்டமும் ஊறிப்போய் நிற்கிறது. சுவருக்கும் என் பேத்தியின் தலைக்கும் நடுவே மூன்று அடி.

"எந்திரி, பிள்ளையத் தூக்கு!" என்று கத்தினேன்.

என் வீட்டுக்காரி கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றாள். "முப்பது நாள் கழியாத பச்சப்பிள்ளைய இந்தச் சாரல்ல வெளிய எடுக்கறதா? ஒங்களுக்கென்ன கிறுக்கா? காத்து அடிச்சு ஏதாவது ஆச்சுன்னா?"

அவள் சொன்னதும் நியாயம்தான். எங்கள் குளிரில் பச்சைப் பிள்ளையை வெளியே எடுத்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். குளிருக்குப் பயப்படுவதா, சுவருக்குப் பயப்படுவதா? சம்பந்தி தன் சட்டைப் பித்தானைக் கழற்றினார், பேத்தியை வெறும் நெஞ்சோடு அணைத்தார், மேலே சட்டை, அதற்கு மேலே என் கம்பளி, அதற்கு மேலே உரச்சாக்கு. "அம்மா, பொருளப் பாக்காதீங்க, கதவப் பூட்டாதீங்க, வாங்க" என்று முன்னே நடந்தார். எல்லோரும் பின்னாலேயே ஓடினோம்.

எங்கே? எதிர் வீட்டுக்கு! அந்த அழுமூஞ்சிச் சுவர்க்காரன் வீட்டுக்கு. பங்காளி கதவைத் திறந்தான். ஒரு தடவை என்னைப் பார்த்தான், ஒரு தடவை என் வீட்டைப் பார்த்தான். பிள்ளையோடு மகளை அடுப்புக்கிட்டே உட்கார வைத்த பிறகுதான் வாயைத் திறந்தான். "வாண்ணே. எங்க வீட்டுல கொஞ்சம் ஈரமா இருக்கும். பரவால்லயா?"

அந்தக் குத்தல் பேச்சு எனக்கு வேண்டியதுதான். வாங்கிக்கொண்டேன். ஆனால் உட்கார முடியவில்லை. என் சுவர் மொத்தமாக விழுந்தால் என் வீட்டோடு நிற்காது. கீழ் வரிசையில் மூன்று வீடு இருக்கிறது. அந்த ஆட்களைக் கூப்பிட்டு வெளியேறச் சொல்லிவிட்டு, கடப்பாரையை எடுத்தேன்.

"எங்கண்ணே போற? அந்தச் சுவருக்கிட்டயா?" என்றான் பங்காளி.

"அடச்சவன் நான். நாந்தான் தொறக்கணும்."

"செத்துத் தொலைவ. இரு" என்று மாட்டுக் கயிற்றை எடுத்து என் இடுப்பில் கட்டினான். மறுமுனையை அவனும் சம்பந்தியும் பிடித்துக்கொண்டார்கள். நான் சுவரின் ஓரத்தில், அறைக்கு எட்டத்தில், பக்கவாட்டில் நின்று அடிமட்டத்தில் குத்தினேன். என் சிமெண்ட் அல்லவா? லேசில் உடையுமா? நான் போட்ட கலவையை நானே அன்றைக்கு வைது தீர்த்தேன். இருபது குத்துக்குப் பிறகு ஒரு கல் அசைந்தது. அப்புறம் பாருங்கள்! தொடை பருமனுக்குச் செம்மண் தண்ணீர் பீய்ச்சி அடித்து என்னைச் சேற்றிலேயே உட்கார வைத்துவிட்டது.

"இன்னொண்ணு! இன்னொண்ணு!" என்று சம்பந்தி கத்துகிறார். கோபமே வராத மனுஷன், அன்றைக்கு அப்படிக் கத்தினார். இரண்டு, மூன்று, நான்கு ஓட்டை போட்டேன். ஐந்தாவதற்குக் கடப்பாரையை ஓங்கும்போது நடுவில் "பொத்" என்று ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை, சாணி மூட்டையைக் கீழே போட்டது மாதிரி. கயிறு என்னை வெடுக்கென்று இழுத்தது. நான் மல்லாந்து விழுந்து நிமிர்ந்து பார்த்தபோது பின் அறை இல்லை. கதவு இல்லை. மகள் படுத்திருந்த கட்டில் இருந்த இடத்தில் மண்ணும் கல்லும், அதற்கு நடுவே பூண்டுக் கட்டு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

என் வீட்டின் முன்பக்கம் நின்றது. மாடி நின்றது. கீழ் வரிசை மூன்று வீடும் நின்றன. தண்ணீர் பாதி வடிந்திருந்ததால்தான் மண் என் பின் அறையோடு நின்றது என்று நான் சொல்கிறேன். ரோடு திறந்த பிறகு பார்க்க வந்த என்ஜினீயரும் அப்படித்தான் தலையாட்டினார்.

மூன்றாம் நாள் போன் வேலை செய்தது. சம்பந்தியம்மா பத்திரம். ஓடு பறந்துவிட்டது, தென்னை சாய்ந்துவிட்டது, ஆனால் அவிழ்த்துவிட்ட மாடுகள் தானாகவே திரும்பி வந்துவிட்டனவாம். சம்பந்தி முதல் முறையாகக் கண்ணைத் துடைத்தார். அதன் பிறகு யார் ஊர் பத்திரம் என்று நாங்கள் சண்டை போடுவதில்லை. அவருக்குப் புயல் இரண்டு நாள் முன்னால் சொல்லிவிட்டு வருகிறது. எனக்கு மலை சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது, சுவரில் சொட்டுச் சொட்டாக. நான்தான் அதன் வாயைப் பூசி மெழுகினேன்.

இப்போது புதுச் சுவர் கட்டியிருக்கிறேன். கல் அடுக்கு, நடுநடுவே குழாய். மழை பெய்தால் வெள்ளனே எழுந்து ஒவ்வொரு குழாயாகப் போய்க் கை வைத்துப் பார்ப்பேன். பூண்டு அடுப்படியோடு சரி. பின் அறையில் அடுக்குவதில்லை.

ஆனால் ஒரு விஷயம் மனதில் உறுத்துகிறது. ஊரில் இந்தக் கதையை எப்படிச் சொல்கிறார்கள் தெரியுமா? சம்பந்தி கண்டுபிடித்தாராம், பங்காளி கயிறு இழுத்தானாம். நான்? கயிற்றின் நுனியில் கட்டிய மாடு மாதிரி வருகிறேன்! நான் கடப்பாரை போட்டதால்தான் சுவரே விழுந்தது என்று டீக்கடையில் சொல்கிறவனும் உண்டு. பள்ளிக்கூடம் போகிற என் பேத்தி கூட, "நாகப்பட்டினத்துத் தாத்தாதான் என்னயக் காப்பாத்துனாரு" என்கிறாள்.

காப்பாற்றினார், மறுக்கவில்லை. அவர் கை அந்தச் சுவரில் படாமல் இருந்திருந்தால் இன்று எனக்குப் பேத்தி இல்லை. அதனால்தான் எழுதக் கை பழகாத நானே உட்கார்ந்து இதை எழுதினேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், விஷயத்தைத் திருத்தாதீர்கள். ஓட்டை வைக்காமல் அந்தச் சுவரைக் கட்டியவன் நான், குத்தி ஓட்டை போட்டவனும் நான். இனி இந்தக் கதையை யார் எங்கே சொன்னாலும் என் பங்கு இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும், அதில் முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் சொல்ல எனக்கே இப்போதெல்லாம் வாய் வருவதில்லை.