மீனில்லாத் தொட்டிக்குத் தீனி

புதுத் தொட்டியின் பளிங்குத் தண்ணீருக்குள் தன் வீட்டு மீன் தொட்டியில் ஊறிய ஒரு பழைய கறுப்புப் பஞ்சைப் பிழிந்துகொண்டிருக்கிறார் எல்லம்மாள். ஐந்து நிமிடம் முன்புவரை நாலடி நீளக் கண்ணாடி வழியே எதிர்ச்சுவர் தெரிந்தது. இப்போது அங்கே சாக்கடைதான் தெரிகிறது. தொட்டிக்குச் சொந்தக்காரர், கேளம்பாக்கம் அடுக்ககத்தில் என் பக்கத்து வீட்டு மென்பொருள்காரர், வாந்தி எடுப்பவர்போல நிற்கிறார். எல்லம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பயப்படாத சார். சாய்ங்காலம் தெளிஞ்சிடும். பாலுக்கு ஊத்தற மாரி ஒற ஊத்திகினு கீறேன்."

வயது ஐம்பதைத் தொடும். புடவைமேல் ஆம்பளைச் சட்டை, ஸ்கூட்டரின் முன்னால் இரண்டு பக்கெட், தோளில் பாம்புபோலச் சுருட்டிய குழாய். அச்சரப்பாக்கத்தில் நெல் போடும் குடும்பம். கொளத்தூரில் ஒரு மீன் கடையில் பன்னிரண்டு வருடம் தொட்டி கழுவியபோது மீன் ஏன் சாகிறது என்று கண்டுகொண்டார். இப்போது வீடு வீடாகப் போய்த் தொட்டி அமைத்துத் தருகிறார். என் வீட்டுத் தொட்டியும் அவர் வைத்ததுதான். ஆணோ பெண்ணோ, எல்லோரும் அவருக்கு 'சார்'தான். எல்லோருக்கும் 'நீ'தான்.

தொட்டி வைத்த அன்றே மீன் விடச் சொன்னால் அவருக்குக் கெட்ட கோபம் வரும். காலித் தொட்டியில் மோட்டாரை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை தீனி போடச் சொல்வார். தீனி அழுகி அம்மோனியாவாகும். அதைத் தின்கிற கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் பெருகும். அவை கழிப்பதும் விஷம்தான். அதைத் தின்ன இன்னொரு கூட்டம் வந்து சேர வேண்டும். ஆறு வாரம்கூட ஆகும். அதுவரை வீட்டுக்கு வருகிறவர்கள் மீன் எங்கே என்று கேட்பார்கள். "மொதல்ல பூச்சிங்க குடி வரணும் சார். அப்பறந்தான் மீனு" என்பதே அவர் பதில்.

இந்தப் பிடிவாதத்தால் போன வருடம் ஒரு நல்ல வேலை கைவிட்டுப் போனது. முட்டுக்காட்டில் புது ஓட்டல் ஒன்றின் வரவேற்பறைக்கு ஆறடித் தொட்டி. வருடம் முழுக்கப் பராமரிப்பும் அவருக்கே என்று மேலாளர் ஹர்ஷவர்தன் சொல்லியிருந்தார். மாடி மாடியாகப் பக்கெட் தூக்கித் தேய்ந்த முழங்கால்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் திறப்பு விழாவன்று முப்பது தங்கமீன் நீந்தியாக வேண்டும் என்றார் ஹர்ஷவர்தன். எல்லம்மாள் சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டுக் காட்டினார். மஞ்சளாக இருக்க வேண்டியது கரும்பச்சை; அத்தனையும் அம்மோனியா. இன்னும் மூன்று வாரம் என்றார். அழைப்பிதழ் அச்சாகிவிட்டதே என்றார் மேலாளர்.

"பத்திரிக நீ அட்ச்ச சார். பூச்சிங்களுக்குப் படிக்கத் தெரியாது."

இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். குழாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். வேலை போனதை வீட்டில் இரண்டு நாள் சொல்லவில்லையாம்.

அவர் போனதும் ஹர்ஷவர்தன் பஞ்சையும் கூழாங்கல்லையும் குழாயடியில் வெள்ளை வெளேரென்று தேய்க்க வைத்தார். குடிவந்த பூச்சிகள் அத்தனையும் சாக்கடைக்குப் போயின. முப்பது மீன் வந்தது, விழா ஜோராக நடந்தது, ஆளாளுக்குத் தொட்டி முன்னால் செல்ஃபி எடுத்தார்கள். நாலாம் நாள் காலை எல்லம்மாளின் போன் அடித்தது. மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன, பசியோ என்று இரண்டு மடங்கு தீனி போட்டும் பலனில்லை என்று ஆங்கிலமும் அழுகையுமாக ஹர்ஷவர்தன். எல்லம்மாள் ஒன்றுதான் கேட்டார்.

"எத்தினி உசுரோட கீது?"

ஒன்பது. போய் அள்ளிவந்து தன் வீட்டுத் தொட்டியில் விட்டார். ஓட்டலில் மறுபடி முதலிலிருந்து. கறுப்புப் பஞ்சு, கலங்கல் தண்ணீர், காலித் தொட்டி. ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்: தினம் பத்து மணிக்கு மேலாளரே தன் கையால் ஒரு சிட்டிகை தீனி போட வேண்டும். கோட்டு சூட்டோடு வெறும் தண்ணீருக்குத் தீனி போடுகிற மனிதரை, தங்க வந்தவர்கள் ஐந்து வாரம் படம் பிடித்தார்கள். ஒருவர் காசு போட்டுக் கும்பிட்டுவிட்டும் போனாராம்.

ஆறாவது வாரம் சோதனைக் குழாயில் தண்ணீர் மஞ்சளாயிற்று. ஸ்கூட்டரில் மீன் பக்கெட் தளும்பும் என்பதால் என் காரில் போனோம். ஒன்பதையும் எல்லம்மாள் ஒவ்வொன்றாக விட்டார். அவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கண்ணாடியோரம் வந்து நின்றன. ஹர்ஷவர்தனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஓடிப்போய்த் தீனி டப்பாவைக் கொண்டுவந்து மூடியைத் திருகினார்.

எல்லம்மாள் அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். வரவேற்பு மேசையிலிருந்த ஓட்டலின் வழவழப்பு விளம்பரத் தாளில் ஒரு துண்டைக் கிழித்து, ஒரே ஒரு சிட்டிகையை அதில் கொட்டி, கோயில் விபூதிப் பொட்டலம்போல மடித்து, மேலாளரின் கோட்டுப் பையில் வைத்தார். டப்பாவைத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.