ஆணையில் இல்லாத பெயர்

கமா சார் என்றாலே அந்த அரசு அலுவலகத்தில் எல்லோருக்கும் பயம். வேலையில் சேருகிறவர், விலகுகிறவர் யாராக இருந்தாலும் காகிதம் பணியாளர் பிரிவு கிளார்க்கான அவர் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு கமா விட்டுப்போனாலும் திருப்பி அனுப்பிவிடுவார், புண்ணியவான்! "கல்யாணப் பத்திரிகை நீட்டினாலும் திருத்தித்தான் வாங்குவாரு" என்று தபால் அக்கா கேலி செய்வாள்.

தபால் அக்கா அங்கே அலுவலக உதவியாளர். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கடிதத்தையும் தன் கையில் தூங்கவிட்டதில்லை. அந்தச் சுறுசுறுப்பே அவளுக்கு வினையாக வந்தது.

கணவர் மாடிப்படியில் விழுந்து இடுப்பொடிந்து படுத்த படுக்கையாகிவிட்டார். பார்த்துக்கொள்ள வேறு நாதியில்லை. வேலையை விடுவதென்று முடிவெடுத்து, 'ராஜினாமா செய்கிறேன்' என்று நாலு வரி எழுதினாள். கமா சாரிடம் கொடுத்தால் நாலு தடவை அலையவிடுவாரே! அதனால் தானே முத்திரை குத்தி, தபால் பதிவேட்டில் எண் போட்டு, நேராக அதிகாரியின் மேஜையில் வைத்துவிட்டாள். பத்தே நிமிஷத்தில் முடிந்தது வேலை.

பதினொரு மணிக்குப் பதிவேட்டைப் புரட்டிய கமா சார் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க? ராஜினாமான்னா இருபத்திரண்டு வருஷமும் போச்சு! பென்ஷனும் கிடையாது. விருப்ப ஓய்வுன்னு கேக்கணும்மா!"

"வேலைய விடுறது எல்லாம் ஒண்ணுதானே சார்?"

"உங்களுக்கும் எனக்கும் ஒண்ணு. சட்டத்துக்கு இல்ல."

அக்கா மாடிப்படிப் பக்கம் திரும்பினாள். "எடுத்துக் கிழிச்சுப் போட்டுடட்டுமா சார்?"

"நம்பர் போட்ட காகிதத்தையா? நல்லா இருக்கே கதை! அதிகாரி கையெழுத்துப் போடறதுக்குள்ள வாபஸ் வாங்கணும். எழுதுங்க!"

அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். எழுத்து கோணல்மாணலாக வந்தது. அவர் ஒன்றையும் திருத்தாமல் பிடுங்கிக்கொண்டு, மூட்டுவலியை மறந்து இரண்டு மாடி ஏறினார். பின்னாலேயே ஓடினாள் அக்கா. உள்ளே அதிகாரி பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"சார், கொஞ்சம் பொறுங்க!"

கதவைத் தட்டாமல் கமா சார் நுழைந்ததை அன்றுதான் ஊரே பார்த்தது. அதிகாரி முறைத்தார். பிறகு படித்தார். வாபஸ் கடிதத்தில் 'ஏற்கப்பட்டது' என்று எழுதினார்.

விருப்ப ஓய்வு கேட்டு அன்றே புது விண்ணப்பம் போனது. முன்னறிவிப்புக் காலமான மூன்று மாதத்துக்கும் அவள் சேர்த்து வைத்திருந்த விடுப்பை எழுதிக் கொடுத்தார் கமா சார். பணிப்பதிவேட்டில் விட்டுப்போன கையெழுத்துகளைத் தேடிப்பிடித்தார். பாக்கி இல்லை என்ற சான்றுக்காகப் பிரிவு பிரிவாகத் தானே ஏறி இறங்கினார். "நீங்க போய் வீட்டைப் பாருங்கம்மா" என்றார். இந்த மனுஷனையா இத்தனை நாள் கரித்துக் கொட்டினோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஓய்வு ஆணை வந்த அன்று அக்கா அதை எழுத்தெழுத்தாக இரண்டு தடவை படித்தாள்.

"இதுல உங்க பேரே இல்லையே சார்?"

"ஆணையில கிளார்க் பேரு வராதும்மா. அதிகாரி பேருதான்."

அவள் கீழே போய் ஒரு நகல் எடுத்துக்கொண்டு வந்து நீட்டினாள். "இதுல போடுங்க. நம்மள காப்பாத்துனது யாருன்னு எங்க வீட்டுக்காரர் கேக்கிறாரு. காட்ட வேணாமா?"

கமா சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பது வருஷத்தில் எத்தனையோ பேருக்கு ஆணை தயாரித்தவர். ஒருவரும் அவரிடம் கையெழுத்துக் கேட்டதில்லை. பேனாவை எடுத்து, வழக்கமான சுருக்கொப்பம் போடாமல், தன் முழுப்பெயரையும் நிதானமாக எழுதிக் கொடுத்தார்.