மண் விட்டுக்கொடுத்த புகை

கண்டிக்கு மேலே உள்ள காட்டில், மண்ணுக்குள் இறங்கும் தண்ணீரை வாராவாரம் எடுத்துச் சோதிப்பது என் வேலை. ஆழத்தில் ஒரு சுட்ட மண் கிண்ணம் புதைத்திருக்கும். அதிலிருந்து வரும் குழாயைப் போத்தலில் பொருத்தி, கைப்பம்பால் காற்றை உறிஞ்சிவிட்டால் மண்ணின் ஈரம் மெல்ல மெல்லப் போத்தலுக்குள் வரும். பஸ் புகையின் கந்தகம் மழையோடு காட்டில் இறங்கி என்ன ஆகிறது என்று பார்க்கத்தான் இவ்வளவும்.

தொற்றுநோய் ஊரடங்கு வந்தபோது எங்கள் பேராசிரியர் யாழ்ப்பாணத்தில் மாட்டிக்கொண்டார். "புகையில்லாத கண்டி இனி எப்ப கிடைக்கும்? ஒரு கிழமையும் விடாதையும்," என்றார் தொலைபேசியில். "மழை சுத்தமானாலும் மண் பழைய கந்தகத்தைக் கனகாலம் விட்டுக்கொண்டிருக்கும் எண்டுதான் நான் சொல்லி வாறன். அது இப்பதான் தெரியவரும்."

முதல் கிழமை ஊரடங்குப் பாஸைக் காட்டிவிட்டு ஏறினேன். கீழே நகரம் செத்துக் கிடந்தது. பம்பை அடித்துவிட்டு உட்கார்ந்தபோது கேட்டது: டொக். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் டொக். போத்தலுக்குள் மண் சொட்டும் சத்தம். எத்தனையோ வருடம் அங்கே போயிருக்கிறேன், ஒருநாளும் கேட்டதில்லை. குரங்குகளைக்கூடக் காணவில்லை. கீழே யாரோ எண்ணி எண்ணிச் சொட்டவிடுகிறார்கள் என்று தோன்றியதும், போத்தலையும் எடுக்காமல் ஓட்டம் பிடித்தேன். விஞ்ஞானம் படித்தவன், முப்பத்தெட்டு வயது. வெட்கக்கேடு.

அதன்பின் நான் மேலே போகவில்லை. முற்றத்து வாளியில் பிடித்த மழைநீரையே மண்நீர் என்று ஊற்றிச் சோதித்தேன். வாகனமே ஓடவில்லை, மண்ணிலும் ஒன்றும் இருக்காதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பேரியம் குளோரைட்டு விட்டால் கந்தகத் தண்ணீர் பாலாக வெளுக்கும். எதுவும் வெளுக்கவில்லை. அப்படியே அவருக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

நான்காம் கிழமை அவர் குரல் இறங்கியிருந்தது. "அப்ப நான் இவ்வளவு காலமும் பிழையா நினைச்சிருக்கிறன். கட்டுரையை மாத்தி எழுதிறன். பரவாயில்லை, மண் சுகமாயிட்டுது எண்டால் சந்தோஷம்தானே."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் விடிந்ததும் காட்டுக்கு ஏறினேன். விட்டுவிட்டு ஓடிய போத்தல் கழுத்துவரை நிறைந்திருந்தது. ஆய்வுகூடத்தில் அதில் பேரியம் குளோரைட்டு ஒரு துளி விட்டேன். குபுக்கென்று வெளுத்தது. தெருவில் ஒரு வாகனமும் இல்லை. என் கைக்குள் பழைய புகை வெண்மையாக எழும்பிக்கொண்டிருந்தது. உடனே பேராசிரியரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"சேர், முதல் கிழமைக்குப் பிறகு நான் காட்டுக்கே போகல. பயந்துட்டேன். மழைத் தண்ணியத்தான் ஊத்தினேன். மண்ணுத் தண்ணி வெளுக்குது சேர். நீங்க சொன்னதுதான் சரி."



"அது எந்தக் கிழமைத் தண்ணி?"

"நாலு கிழமையும் ஒண்ணா கலந்தது சேர்."

"கிழமைக்குக் கிழமை மண் எவ்வளவு விட்டது எண்டதை எனக்கு இனி ஆர் சொல்லுவினம்?"

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நாளைக்கே போறேன் சேர்," என்றேன்.

"நாளைக்கு ஊரடங்கை எடுக்கினம்," என்றார்.