காப்பர் ஆக்சைடு லோடும் என் கையெழுத்தும்

எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனி லேபில் பல வருடம் கெமிஸ்டாக இருந்தேன். லேப் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். இது நான் கெட்டிக்காரியாக இருந்த கதை இல்லை.

தீபாவளி சீசன். வழக்கமாகத் தருகிறவரிடம் சரக்கு இல்லாததால் வேறு இடத்திலிருந்து காப்பர் ஆக்சைடு வந்திருந்தது. மேனேஜர் காலையிலேயே வந்து நின்றுகொண்டார்.

“லோடை நிறுத்தி வச்சிராதீகம்மா. கலவைக்கு ஆள் காத்துக் கெடக்கு. சுத்தம் சரியா இருந்தா கையெழுத்தப் போட்டு விடுங்க.”

சுத்தம் பார்த்தேன். பழைய சரக்கைவிட நன்றாகவே இருந்தது. கலவையில் சேர்த்துச் சிட்டிகை அளவு எரித்துப் பார்ப்பதும் வழக்கம்தான். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டேன். அந்த அவசரத்துக்கு என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

அரை மணி நேரம் கழித்து எரித்தேன். பழைய சரக்கு போட்டால் நிதானமாக எரியும். இது குப்பென்று முடிந்துவிட்டது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், பழையது பெரிய, வழவழப்பான துகள். புதியது மிகப் பொடி, மேலெல்லாம் சொரசொரப்பு. ஆக்சைடு தானாக எரிவதில்லை. கலவையில் கூட இருக்கும் பெர்குளோரேட் உப்பிலிருந்து ஆக்சிஜனைச் சீக்கிரம் கிளப்பிவிடும் கேட்டலிஸ்ட் அது. அந்த வேலை துகளின் மேற்பரப்பில்தான் நடக்கிறது. கட்டி வெல்லத்தைவிடப் பொடித்த வெல்லம் சீக்கிரம் கரைகிறதே, அதே மாதிரி மேற்பரப்பு கூடினால் வேகமும் கூடும்.

கலக்கும்போது ஒரு பொறி பட்டால் விலகக்கூட நேரம் இருக்காது. கலவை ரூமில் மருந்து கலக்கும் முனியசாமி அண்ணன் இருப்பார். உள்ளே போன் கிடையாது. ஓடவும் முடியாது. பட்டாசுக் கம்பெனியில் ஒருத்தர் ஓடினால், எங்கேயோ வெடித்துவிட்டது என்று எல்லோரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். அதனால் நடந்தேன். திரி வெட்டிக்கொண்டிருந்த பெண்கள், “என்ன மேடம், இங்கன வந்திருக்கீக? சாப்பிட்டீகளா?” என்றார்கள்.

“ஆச்சு, ஆச்சு” என்று சிரித்தேன். முருகா, அவர் இன்னும் கலந்திருக்கக் கூடாது என்று உள்ளே அடித்துக்கொண்டது.

வாசலில் நின்று, குரலை உயர்த்தாமல், “அண்ணே, அப்படியே வச்சிட்டு வெளிய வாங்க” என்றேன்.

வந்தார். “இப்பத்தான் மூட்டைய அவுத்தேன். என்னம்மா ஆச்சு?”

சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் திரும்பி அந்த மூட்டையைப் பார்த்தார்.

“அவுக்கும்போதே மாவு கணக்கா பறந்துச்சும்மா. எனக்கும் சந்தேகந்தான். நீங்க கையெழுத்துப் போட்டிருந்தீக, அதான் கேக்கல.”

அதன் பிறகு எரித்துப் பார்க்காமல் ஒரு மூட்டையையும் நான் அனுப்பியதில்லை. லேபில் போடுகிற கையெழுத்து, சந்தேகப்பட்டவர் வாயையும் மூடிவிடும்.