பதினோரு விநாடிப் பாடம்

இத்தனை வருட வேலையில் ஒரு பிள்ளையைக்கூட நான் கை நீட்டி அடித்ததில்லை. அடியாத மாடு படியாது என்று பிரம்பைத் தூக்குகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். அதைப் பெருமையாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் தொடக்கப்பள்ளி. திருப்பாலைவனத்திலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். மூன்றாம் வகுப்பு என்னுடையது. பள்ளிக்கு லேப்டாப்பும் புரொஜெக்டரும் வந்தபோது, பாடம் தயாரிக்கும் மென்பொருள் ஒன்றும் கூடவே வந்தது. படம், குரல், வீடியோ எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் வைக்கலாம். எந்தச் சொல்லைத் தொட்டாலும் அதை அது வாசித்துக் காட்டும். ஏற்கெனவே அதில் இருந்தவை ஆப்பிள் தோட்டமும் பனிமலையும்தான். மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குப் பனிமலை எதற்கு என்று, நானே கரைக்குப் போய் போனில் வீடியோ எடுத்தேன். நாலு பேர் ஃபைபர் படகைத் தண்ணீருக்குத் தள்ளுகிறார்கள். ஒருவர் மட்டும் திரும்பிப் பார்த்து, "இன்னா டீச்சர், எங்களையும் பாடத்துல போடப் போறீங்களா?" என்று சிரிக்கிறார். மொத்தம் பதினோரு விநாடி. கீழே படகு, வலை, கயிறு என்று சொற்களைப் போட்டேன். வகுப்பே குதித்தது.

அப்படிச் சிரித்தவர் என் வகுப்பில் படித்த ஒருத்தியின் அப்பா. அந்த ஐப்பசியில் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து அவர் இறந்துபோனார்.

காரியம் முடிந்து பள்ளிக்கு வந்தவள் என் மேஜையோரம் நின்றாள். "டீச்சர், நைனா பாடத்தப் போடுங்க டீச்சர்." போட்டேன். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டாள். மறுநாளும் கேட்டாள். அவள் வீட்டில் அவருடைய போட்டோ ஒன்று இருந்தது, அவ்வளவுதான். குரல் என் லேப்டாப்பில் மட்டும் இருந்தது. அவளோ எழுத்துக் கூட்டவே திணறுகிறவள். மூன்றாம் நாள் எனக்கு யோசனை வந்தது.

"இந்தப் பக்கத்தத் தப்பில்லாம வாசி. போடறேன்."

வாசித்தாள். சாப்பாட்டு மணி அடித்தாலும் புத்தகத்தை விடவில்லை. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். எனக்குச் செத்துப்போன மனுஷனின் சிரிப்பு. ஒரு பக்கத்தை இரண்டாக்கினேன், இரண்டை நாலாக்கினேன். ஒருநாள் கடைசி வரியில் "களஞ்சியம்" என்ற சொல்லில் தடுக்கினாள். லேப்டாப்பை மூடிவிட்டேன். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவளிடம் நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, சந்தோஷமாகவே பஸ் ஏறினேன். பொங்கலுக்குள் வகுப்பிலேயே அவள்தான் நன்றாக வாசிக்கிறவள் என்றானது.

நடுவில் அவள் அம்மா வந்தார். பொன்னேரியில் மீன் விற்கிறவர். "அவரு பேசறது உங்ககிட்ட இருக்குதாமே டீச்சர். என் தங்கச்சி போனுக்கு அனுப்ப முடியுமா?" ஒரு நிமிட வேலை. "அது பாடத்துக்குள்ள இருக்கும்மா, தனியா எடுக்க வராது" என்றேன். பச்சைப் பொய். வீட்டிலேயே கிடைத்துவிட்டால் பள்ளியில் எதற்கு வாசிப்பாள்? அந்த அம்மாவும் நம்பிப் போய்விட்டார்.

மாசியில் லேப்டாப் மந்தமாகிவிட்டது. சரிபார்க்க வந்தவர் எல்லாவற்றையும் அழித்து மென்பொருளைப் புதிதாக ஏற்றிக் கொடுத்தார். என் பாடங்கள் மொத்தமும் போயின. போனில் இடமில்லை என்று அந்த வீடியோவை நான் எப்போதோ நீக்கியிருந்தேன். வாசிப்புத் தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது, கல்வி அதிகாரி வரப்போகிறார், காட்டுவதற்கு எனக்கு இருந்தவள் அவள் ஒருத்திதான். அதனால் அவளிடம் சொல்லவில்லை. ஒருநாள் கரண்டு சரியில்லை என்றேன், இன்னொரு நாள் ஸ்பீக்கர் ரிப்பேர். கடைசியில், "டெஸ்ட் முடியட்டும், பத்து வாட்டி போடறேன்" என்றேன். அவள் வாசித்துக்கொண்டே இருந்தாள்.

அதிகாரி எங்கள் புத்தகத்தில் இல்லாத பக்கம் ஒன்றைக் கொடுத்தார். தண்ணீர் மாதிரி வாசித்தாள். எப்படிச் செய்தீர்கள் என்று என்னைக் கேட்டார். "மல்டிமீடியா வழியாத்தான் சார்" என்றேன். பொன்னேரியில் மற்ற ஆசிரியர்களுக்கு இதைப் பற்றிப் பேசச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் ஜீப் கிளம்பியதும் அவள் வந்து நின்றாள். "பத்து வாட்டி, டீச்சர்."

"அது அழிஞ்சு போச்சும்மா."

"எப்போ டீச்சர்?"

"லேப்டாப் சரி பண்ண ஒருத்தர் வந்தாரே, அன்னிக்கே."

அவள் தன் இடத்துக்குத் திரும்பிப் போனாள். அழவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது எனக்கு.

அடுத்த நாளிலிருந்து அவள் வாசிக்கவில்லை. புத்தகத்தைக் கொடுத்தால் முதல் சொல்லில் விரலை வைத்துக்கொண்டு நிற்பாள். கெஞ்சினேன், திட்டினேன். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், ரோஷம் வரும் என்று விட்டேன். வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அவள் அம்மா மீன் கூடையோடு நேராகப் பள்ளிக்கே வந்தார். "நல்லாத்தான படிச்சிக்கினு இருந்துச்சு. இப்போ வாயே தொறக்க மாட்டேங்குதாமே. இன்னா ஆச்சு டீச்சர்?"

அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். வீட்டில் எதுவும் சொல்லவில்லை என்று தெரிந்தது. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மை தொண்டை வரை வந்தது. அடுத்த வாரம் பொன்னேரியில் பேச வேண்டியது நினைவுக்கு வந்தது.

"வீட்ல நீங்க கவனிக்கிறதே இல்லம்மா" என்றேன்.

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். "ஆமா டீச்சர். அவரு போனதுலேர்ந்து ஒண்ணும் பாக்கறதில்ல. எம்மேலதான் தப்பு. மன்னிச்சிக்குங்க." பிறகு மகளின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "உனக்காக எவ்ளோ பாடுபடறாங்க. நீயும் மன்னிப்புக் கேளு."

ஒரு மாதமாக என் முன்னால் திறக்காத வாயைத் திறந்தாள்.

"மன்னிச்சிடுங்க டீச்சர்."

"சரி, போய் உக்காரு" என்றேன்.